கந்தோர் வாசலில் கூட நின்றவர்கள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மாமியின் அஸ்வெசும மேன்முறையீட்டுக்காக ஒரு கந்தோருக்குப் போயிருந்தோம். மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. காது மந்தம். மகனுடைய வளவுக்குள்ளேயே ஒரு பத்தி இறக்கி, தனியாக உலை வைத்துச் சீவிக்கிறார். மகனுடைய பிள்ளைகளும் அவரிடம் சாப்பிடுவதில்லை, அவரும் அங்கே சாப்பிடுவதில்லை. ஆனால் மீற்றர் ஒன்று, விலாசம் ஒன்று, கேற் ஒன்று.

மேசைக்கு முன்னால் கதிரையில் மாமி இருந்தார். உத்தியோகத்தர் மரியாதையான ஆள்தான். ஆனாலும் கேள்வி முழுவதையும் மாமியோடு வந்த உறவுக்காரத் தம்பியிடமே கேட்டார். "மகனோடதானே இருக்கிறா?" "ஓம்." "மகன் உழைக்கிறார்தானே?" "ஓம்." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்து செருப்பைப் போடும்போது மாமி கேட்டார்: "என்னட்ட ஒண்டும் கேக்கயில்லையே, பிள்ளை?"

அந்தத் தம்பியில் பிழை சொல்லி இந்தப் பதிவை முடித்துவிடலாம். ஆனால் உண்மை என்னவென்றால், முதல் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர்கள் நாங்கள். பாடசாலை விட்டு வந்த களைப்பில், வரிசையில் பத்துப் பேர் நிற்க, மாமியிடம் கேட்காமலே "குடும்பத்தோடு வசிக்கிறார்" என்று எழுதியது எங்களுடைய பேனைதான். கந்தோரில் அன்று பின்னால் நின்றுகொண்டு வாய் திறக்காமல் இருந்தவர்களும் நாங்கள்தான். மாமிக்கு நன்மை செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மாமிக்குப் பதிலாகப் பேசினோமே தவிர, மாமியைப் பேச விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதைக் குடைகிறது. இந்த யாழ்ப்பாணத்தில் ஒரு ஏலாதவர் கந்தோர் வாசலில் நிற்கும்போது, அவரோடு கூட நின்றவர்கள் காலங்காலமாக யார்? அவர்கள் யாருடைய ஆட்கள்? படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் வைத்துக்கொண்டு அந்த வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

*

முதலில் ஒரு விளக்கம். சில நாடுகளில் இதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. முதியவர், மாற்றுத்திறனாளி, மனநோயால் பாதிக்கப்பட்டவர் போன்றோர் சமூக சேவையை நாடிப் போகும்போது, அவர் பக்கத்தில் இருந்து, அவர் என்ன விரும்புகிறார் என்று விளங்கிக்கொண்டு, அதை அவர் சொல்ல உதவுபவர். அவராகச் சொல்ல முடியாதபோது, அவருடைய விருப்பத்தையே எடுத்துச் சொல்பவர். தமிழில் 'பரிந்து பேசுபவர்' என்கிறோம். ஆனால் 'பரிந்து' என்றவுடன் இரக்கம் நினைவுக்கு வருகிறது. இரக்கத்தை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது: அவர் சுயாதீனமானவராக இருக்க வேண்டும். உதவி கொடுக்கும் கந்தோரின் ஆளாக இருக்கக்கூடாது. அந்த உதவியில் பங்குள்ள உறவினராக இருக்கக்கூடாது. பின்னால் வாக்கு, நன்றிக்கடன் என்று எதையாவது எதிர்பார்ப்பவராகவும் இருக்கக்கூடாது.

இந்த மூன்றையும் ஒரு தராசுபோல வைத்துக்கொண்டு எங்களுடைய வரலாற்றைப் பார்ப்போம்.

*

ஆங்கிலேயர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அரசாங்கம் என்றால் கச்சேரி. கச்சேரி என்றால் ஏஜெண்டுத் துரை. 1829 முதல் 1867 வரை டைக் துரை, 1869 முதல் 1896 வரை துவைனம் துரை. இரண்டே பேருடைய காலம் ஏறக்குறைய எழுபது வருடம்! துரைக்குக் கீழே மணியகாரன், உடையார், விதானை. ஒரு ஏழையின் சொல் துரையின் காதுக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் படிகளால்தான் ஏற வேண்டும். முறைப்பாடே விதானைக்கு எதிராக இருந்தால்? அப்போது இருந்த ஒரே வழி பெட்டிசம்.

பெட்டிசம் எழுதுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரின் கதையைக் கேட்டு, துரைக்கு விளங்கும் பாஷையில் எழுதிக் கொடுப்பது அவர்களுடைய தொழில். கூலி வாங்கினாலும் அவர்கள் கச்சேரியின் ஆட்கள் அல்ல, விதானையின் ஆட்களும் அல்ல. ஒரு வகையில் எங்களுடைய மண்ணின் முதல் பரிந்து பேசுபவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். இன்று 'பெட்டிசம் போடுகிறவன்' என்றால் எங்களூரில் வசைச் சொல். மொட்டைக் கடிதம் எழுதி அடுத்தவனின் குடியைக் கெடுப்பவன் என்று அர்த்தம். ஏழை தன் குறையைச் சொல்வதற்கு இருந்த கருவியின் பெயரே கெட்டுப்போய்விட்டது. கந்தோரில் முறைப்பாடு எழுதுவதென்றால் இன்றும் எங்களுடைய பெண்கள் கூச்சப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

அந்தக் காலத்தில் துவைனம் துரையை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியவர் ஆறுமுக நாவலர். 1877 அளவில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தபோது, ஊராரிடம் பணம் சேர்த்துக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அதோடு நிற்கவில்லை. கச்சேரி நிருவாகத்தின் குறைகளைப் பகிரங்கமாக எழுதினார், மேலிடத்துக்கு முறையிட முன்நின்றார். நாவலருடைய சமயக் கருத்துகளும் சாதி பற்றிய அவருடைய நிலைப்பாடும் இங்கே எங்களுக்கு விடயமல்ல. அரசாங்கச் சம்பளம் வாங்காத ஒருவர், பசித்தவர்களுக்காகத் துரையைக் கேள்வி கேட்டார் என்பதே விடயம். அந்தச் சுதந்திரம் இல்லாதவரால் அப்படி எழுதியிருக்க முடியாது.

ஆனாலும் அது ஊருக்காகப் பேசியது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு தனி மனுசியின் பக்கத்தில் இருந்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பது வேறு வேலை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவு முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

*

1939இல் இலங்கையில் ஏழைகள் சட்டம் வந்தது. ஏழைகளுக்கு உதவி செய்வது உள்ளூராட்சியின் கடமை என்று சொன்ன சட்டம். ஆனால் நடைமுறையில் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் மட்டுமே அது செயற்பட்டது. யாழ்ப்பாணத்து ஏழைக்கு அதனால் பலன் இல்லை. பிறகு சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான ஆணைக்குழு 1947இல் சமூக சேவைகள் பற்றி அறிக்கை கொடுத்தது. 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. 1963இல் விதானைமார் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது.

இது பெரிய மாற்றம்தான். துரையின் தயவு என்று இருந்தது, பிரஜையின் உரிமை என்று ஆகத் தொடங்கியது. ஆனால் வழி அப்படியே இருந்தது. உதவியைச் சிபாரிசு செய்பவரும், நீ தகுதியா என்று விசாரிப்பவரும், உன் முறைப்பாட்டைக் கேட்பவரும் ஒரே மேசையில். எங்களுடைய சனம் இன்றும் கிராம உத்தியோகத்தரை "விதானையார்" என்றுதான் சொல்கிறது. பழக்கத்தில் வந்த சொல்தான், ஆனாலும் அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களுடைய வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை யார் மறப்பார்? இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது, 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். அங்குள்ள விவசாயிகளின் வறுமையையும் கல்வியின்மையையும் கண்ணால் கண்டார். அந்த அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பிக்கும் வரை அவரைக் கொண்டுபோனது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே இந்தப் பக்கம் இருப்பவரின் குரலைக் கேட்ட மனிதர்.

ஆனால் நல்ல அதிகாரிக்கு இடமாற்றம் வரும். அஸீஸ் அவர்களும் கல்முனையை விட்டுப் போனார்தானே. நல்ல மனிதரை நம்பியிருக்கும் ஏற்பாடு, அவர் போகும்போது அவரோடேயே போய்விடும். ஒரு ஏலாதவரின் உரிமை, இன்றைக்குக் கதிரையில் யார் இருக்கிறார் என்பதில் தங்கியிருக்கக்கூடாது.

*

1984இல் இந்த மண்ணில் வேறொன்று நடந்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்ட காலம். அன்னையர் முன்னணி என்ற பெயரில் தாய்மார் திரண்டு, பிள்ளைகளை விடுதலை செய்யக் கோரி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போனார்கள். பிரஜைகள் குழுக்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் இயங்கின. யாருக்காவது ஒன்று நடந்தால், படித்த ஒருவர் கூடப் போய் முகாம் வாசலில் விசாரிப்பார்.

இதில் எங்களுக்குப் பாடம் என்னவென்றால், அந்தத் தாய்மாருக்காக வேறு யாரும் பேசவில்லை. அவர்களே பேசினார்கள். பக்கத்தில் ஆட்கள் நின்றபடியால் பேசத் துணிவு வந்தது. கூட நிற்பது என்பது இதுதான். வாயை இரவல் கொடுப்பதல்ல, அந்தப் பெண் தன் வாயாலேயே பேசுவதற்குத் தைரியம் கொடுப்பது.

சாந்திகம் என்ற உளவள அமைப்பு 1987இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பமானது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற வைத்தியர்கள், குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் மனம் உடைந்தவர்களின் சொல்லுக்குக் காது கொடுத்தார்கள். மனநோய் வந்தவர் சொல்வதெல்லாம் பிதற்றல் என்று வீடே ஒதுக்கிய நேரத்தில், 'இவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது' என்று உட்கார்ந்து கேட்டதே ஒரு வகைப் பரிந்துரைதான்.

*

பிறகு 1990 ஒக்டோபர் 30.

இந்தத் திகதியை எங்களுடைய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஜின்னா மைதானத்தில் கூட்டினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எங்களுடைய வயதுக்காரரில் சிலர் கைக்குழந்தையாகப் போனோம், சிலர் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் பிறந்தோம்.

அரசியலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல வருவது வேறு. ஒரே நாளில், கடை வைத்திருந்தவரும் தையல்காரரும் இரும்பு வியாபாரியும் ஆசிரியரும் எல்லோரும் நிவாரண வரிசைக்காரர் ஆனோம். நேற்றுவரை ஸகாத் கொடுத்த குடும்பம் இன்று உலர் உணவு அட்டையோடு நிற்கிறது. எங்களுடைய சமூகம் முழுவதுமே 'நலிவுற்றோர்' என்ற பட்டியலுக்குள் வந்தது.

அப்போது எங்களோடு கூட நின்றவர்கள் யார்? பள்ளிவாசல் நிருவாகம் நின்றது. புத்தளத்துச் சனம் தங்களுடைய பள்ளியையும் பாடசாலையையும் தோட்டத்தையும் திறந்துவிட்டார்கள். அந்தக் கடனை நாங்கள் தீர்க்க ஏலாது. அரச சார்பற்ற நிறுவனங்கள் வந்தன. முகாம் தலைவர்கள் உருவானார்கள். அரசியல்வாதிகள் வந்தார்கள்.

எல்லோரும் எங்களுக்காகப் பேசினார்கள். ஆனால் அந்தத் தராசை எடுத்துப் பாருங்கள். முகாம் தலைவர்தான் பெயர்ப் பட்டியலும் எழுதுவார், பட்டியலில் பெயர் இல்லை என்ற முறைப்பாட்டையும் அவரிடமே சொல்ல வேண்டும். நிறுவனம்தான் உதவியும் கொடுக்கும், உதவி ஒழுங்காகக் கிடைத்ததா என்ற படிவத்தையும் அதுவே நிரப்பும். அரசியல்வாதியின் கடிதம் பலித்தது, ஆனால் தேர்தல் வரும்போது அந்தக் கடிதம் ஞாபகப்படுத்தப்பட்டது. எங்களுடைய உம்மாமார் இன்றும் சொல்வார்கள்: "ஆரோடையும் முகம் முறிக்க ஏலாது வாப்பா. முறிச்சா அட்டை போயிரும்." முகம் முறிக்க ஏலாத இடத்தில் உண்மை பேச ஏலாது.

அதிலும் கூடக் கஷ்டப்பட்டவர்கள் விதவைகள், கணவன் விட்டுப்போன பெண்கள், புத்தி சுகமில்லாத பிள்ளையை வைத்திருந்தவர்கள். 'அகதி' என்ற பெரிய பெயருக்குள் அவர்களுடைய தனிப் பிரச்சினை மறைந்துபோனது. சமூகத்துக்காகப் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் குடும்பமும் வசதியும் உள்ளவர்கள். "எங்களுடைய மக்களுக்கு வீடு வேண்டும்" என்றார்கள். அது சரிதான். ஆனால் கொட்டிலின் மூலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது வீடு அல்ல, ஒரு மறைப்பும் ஒரு கதவும் பூட்டும். அதை அவரிடம் கேட்டவர் யாருமில்லை.

2009இல் யுத்தம் முடிந்தபின், சட்டம் மற்றும் சமூக நம்பிக்கை நிதியத்தின் ஏற்பாட்டில் வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு ஒன்று இயங்கி, 2011இல் அறிக்கை வெளியிட்டது. அரசாங்கம் அமைத்ததல்ல, கட்சி அமைத்ததும் அல்ல. ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மனிதரின் வாயிலிருந்தே கேட்டார்கள். நட்டஈடோ வீடோ கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனாலும் இருபது வருடத்தில் முதன்முறையாகத் தங்களிடம் ஒருவர் இருந்து கேட்டார் என்று எங்களுடைய பெரியவர்கள் சிலர் அழுதார்கள். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவர் கேட்கும்போதுதான் சிலவேளை உண்மை வெளியே வருகிறது.

மீள்குடியேற்றத்தில் பிரச்சினை புது உருவம் எடுத்தது. பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள், தகப்பன் சோனகதெருவில் உடைந்த சுவருக்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டி இருக்கிறார். இங்கே கேட்டால் "நீங்கள் நிரந்தரமாக இங்கே இல்லையே" என்கிறார்கள். அங்கே கேட்டால் "நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டீர்களே" என்கிறார்கள். இரண்டு கந்தோருக்கும் நடுவில் ஒரு வயோதிபர். விதிகள் தெரிந்த ஒருவர் கூட நின்றால் தீரக்கூடிய விடயம், வருடக்கணக்கில் இழுபட்டது.

*

இப்போது கொஞ்சம் வெளியே போவோம். இந்த 'கூட நிற்பவர்' என்ற வேலை உலகத்தில் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இங்கிலாந்தில் ஸ்பென்சர் பெர்சிவல் என்று ஒரு பிரதமர் இருந்தார். 1812இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருடைய மகன் ஜோன் பெர்சிவல் மனநோய் வந்து 1831 முதல் சில வருடங்கள் மனநோயாளர் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்தார். பிரதமரின் மகன் என்றும் பார்க்காமல் கட்டி வைத்தார்கள், பச்சைத் தண்ணீரில் அமுக்கினார்கள். குணமாகி வெளியே வந்தவர், தன்னைப்போல அடைபட்டவர்களுக்காக 1845இல் நண்பர்களோடு ஒரு சங்கம் அமைத்தார். 'பைத்தியம் என்று சொல்லப்படுபவர்களின் நண்பர்கள் சங்கம்' என்பது அதன் பெயர். 'சொல்லப்படுபவர்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உள்ளே இருந்து வந்தவர்தான் முதலில் பேசினார்.

அங்கே அது சட்டமாக ஆவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 2005ஆம் ஆண்டின் சட்டம், தானாக முடிவெடுக்க இயலாதவருக்கு, வேறு ஆள் இல்லாவிட்டால் சுயாதீனமான ஒருவரைக் கொடுக்க வேண்டும் என்றது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அதை இன்னும் விரித்தது. ஒருவருக்கு என்ன பராமரிப்பு வேண்டும் என்று உள்ளூராட்சி சபை கணிக்கும்போது, அந்த விசாரணையில் பங்கெடுக்க அவருக்குப் பெரிய சிரமம் இருந்து, பொருத்தமான ஒருவர் கூட இல்லாவிட்டால், சபையே ஒரு சுயாதீனப் பரிந்து பேசுபவரை ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளத்துக்கு அவரைப் பராமரிப்பவர் அந்த இடத்துக்கு வர முடியாது. இலண்டனில் வயதாகிக்கொண்டிருக்கும் எங்களூர் அப்பம்மா, உம்மம்மாமாருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அங்கே உறவுகள் இருப்பவர்கள் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

தூரத்து நாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். கடலுக்கு அந்தப் பக்கம் ஏர்வாடி இருக்கிறது. எங்களுடைய பெரியவர்கள் நேர்ச்சை வைத்துப் போய்வந்த இடம். 2001 ஓகஸ்ட் 6 அதிகாலையில், அந்தத் தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதிகளில் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக் கொட்டில். உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெற்ற தாய் தகப்பன், கூடப் பிறந்தவர்கள். பாசத்தோடும் ஈமானோடும்தான் விட்டார்கள். விடுதிக்காரருக்கு மாதக் காசு வந்தது. உறவினருக்கு நிம்மதி வந்தது. சங்கிலியில் இருந்தவரிடம் "உனக்கு இங்கே இருக்க விருப்பமா?" என்று கேட்க, அந்த இரண்டு பக்கமும் சேராத ஒரு ஆள் இருக்கவில்லை. அப்படி ஒருவர் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தாலே, எத்தனை சங்கிலி கழன்றிருக்கும்?

இந்தியா அதன்பின் மெல்ல மெல்ல மாறி, 2017இல் புதிய மனநலச் சட்டம் கொண்டுவந்தது. நோயாளி தனக்காகப் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம் என்று அது சொல்கிறது. எங்களுடைய நாட்டில் மனநோய் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873இல் போடப்பட்டு 1956இல் திருத்தப்பட்டது.

*

எங்களிடம் ஒன்றுமே இல்லை என்றில்லை. இருப்பதைத் தெரிந்துகொள்வோம்.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வசதியற்றவருக்கு இலவசமாகச் சட்டத்தரணி கிடைக்கும், யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு வந்தது, அதற்கும் இங்கே பிராந்திய அலுவலகம் உண்டு. அதே 1996இல் அங்கவீனமுற்றோர் உரிமைச் சட்டம். 2000இல் முதியோர் உரிமைச் சட்டம், அதன் கீழ் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு ஒரு பெற்றோர் சபையின் முன் போகலாம். 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம், உங்களுடைய விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்கலாம். அதே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஒருவருக்கு முடிவெடுப்பதில் சிரமம் இருந்தால் அவருடைய முடிவை வேறொருவர் எடுப்பதல்ல, அவர் முடிவெடுப்பதற்கு ஆதரவு கொடுப்பதே முறை என்பது அந்தச் சமவாயத்தின் சாரம்.

எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பிழை நடந்த பிறகு போகும் இடங்கள். பிழை நடக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், மேசைக்குப் பக்கத்தில் மாமியோடு இருக்கும் ஆளை இவை எதுவும் தருவதில்லை. 2023இல் அஸ்வெசும வந்தபோது, ஒரு குடும்பத்தின் வறுமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்பட்டது. மின்சாரப் பாவனை, வீட்டின் நிலை, சொத்து என்று எல்லாம் புள்ளி. நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. முன்னர் 'இவர் ஏழை' என்று சொல்ல விதானையாராவது இருந்தார். இப்போது கணினி சொல்கிறது. கணினிக்கு மாமியின் தனி அடுப்பு தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் மாமி. சொல்ல விட வேண்டியவர்கள் நாங்கள்.

*

கடைசியாக, எங்களுடைய வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை.

நபி (ஸல்) அவர்கள் இளைஞராக இருந்தபோது, நபித்துவத்துக்கு முன்னர், மக்காவில் ஒரு உடன்படிக்கை நடந்தது. யெமன் நாட்டிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் பொருளை வாங்கிக்கொண்டு, குறைஷிப் பெரிய மனிதர் ஒருவர் காசு கொடுக்க மறுத்தார். வியாபாரிக்கு மக்காவில் கோத்திரம் இல்லை, கூட நிற்க ஆளில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், எந்தக் கோத்திரமாக இருந்தாலும் அவரோடு நிற்போம் என்று சத்தியம் செய்து, அந்த வியாபாரியின் உரிமையை வாங்கிக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்று நாங்கள் பாடசாலையில் படிப்பிக்கும் சம்பவம். அதில் தானும் கலந்துகொண்டதைப் பெருமானார் பிற்காலத்திலும் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். இஸ்லாத்திலும் அப்படி அழைக்கப்பட்டால் போவேன் என்றார்கள்.

பரீட்சைக்கு ஐந்து புள்ளிக் கேள்வியாக இதைப் படிப்பிக்கிறோம். ஆனால் எங்களுடைய காழி நீதிமன்றத்தில் ஒரு பெண் போய் நிற்கும்போது, சட்டத்தரணியும் வர முடியாத அந்த அறையில், அவளோடு போய் இருப்பவர் யார்? அவளுடைய வாப்பாவும் காக்காவும் பேசுவார்கள், கணவனுடைய ஆட்களும் பேசுவார்கள். இரண்டு குடும்பமும் தங்கள் மானத்தைப் பேசும். அவள்? எங்களுடைய ஸகாத் குழுவில், கொடுப்பவர்களே விசாரிப்பவர்களாகவும் இருக்கிறார்களே, மறுக்கப்பட்டவர் யாரிடம் போவார்? கந்தோரைக் கேட்கும் கேள்வியை எங்களுடைய வீட்டிலும் கேட்டால்தான் நியாயம்.

*

ஆகவே ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து சிறிதாக ஒன்று செய்து பார்க்கத் தீர்மானித்திருக்கிறோம். சங்கமும் இல்லை, பதாகையும் இல்லை, படமெடுத்துப் போடுவதும் இல்லை. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற பேதமும் இல்லை. கூப்பிட்டால் கூடப் போவோம். எங்களுக்கு நாங்களே சில விதிகள் போட்டிருக்கிறோம்.

புறப்படும் முன் வீட்டிலேயே இருந்து, வேறு யாரும் இல்லாமல் அவரிடம் கேட்பது: உங்களுக்கு என்ன வேண்டும்?

படிவத்தில் அவர் சொன்னதை எழுதுவது. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவது. அவர் ஓம் என்ற பிறகே ஒப்பம்.

கேள்வியை உத்தியோகத்தர் எங்களிடம் கேட்டால், "அம்மாவிடமே கேளுங்கோ, அவ சொல்லுவா" என்று மரியாதையாகத் திருப்பிவிடுவது.

திகதி, கிடைத்த பதில், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைக் குறித்து அவருடைய கையிலேயே கொடுப்பது.

நாங்கள் சரியென்று நினைப்பதும் அவர் விரும்புவதும் வேறாக இருந்தால், எங்களுடைய கருத்தை வீட்டில் சொல்லலாம், கந்தோரில் அவருடைய விருப்பத்தையே சொல்வது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான விதி. ஆசிரியருக்கு மாணவனைத் திருத்திப் பழக்கம்!

எங்களுடைய உறவினராக இருந்தாலோ, உதவி பகிரும் குழுவில் நாங்கள் இருந்தாலோ, வேறொருவரை அனுப்புவது.

மாமியோடு போன கிழமை திரும்பவும் போனோம். இந்த முறை கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டோம், காது கேட்க வேண்டும் என்று. "அம்மாவைக் கேளுங்கோ" என்றோம். உத்தியோகத்தர் குரலை உயர்த்தி மாமியிடமே கேட்டார். மாமி முதலில் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரே சொன்னார்: "நான் தனியத்தான் சமைக்கிறன் மகன். வந்து அடுப்பைப் பாருங்கோ." அவர் அதைக் குறித்துக்கொண்டார். வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வந்தால் எழுதுகிறோம்.

உங்களுடைய தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவர் கந்தோருக்குப் போகும்போது ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். புத்தளத்து முகாம் காலத்தில் உங்களுடைய வீட்டாரோடு கூட நின்றவர்கள் யாராவது இருந்தால், அந்த நினைவையும் கீழே எழுதுங்கள். எங்களுடைய பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

வஸ்ஸலாம்.